பட்டினி வேறு, உபவாசம் வேறு

இங்கே உட்காருங்க தங்கச்சி. அந்த பெஞ்சுக்கு ஒரு கால் ஆடும், இதுதான் நல்லது. மகளைச் சேர்க்கவா வந்திருக்கீங்க? ஆள் எங்கே, விண்ணப்பம் வாங்கப் போயிருக்கிறாளா? அந்த உயரமான பிள்ளையா, ரெட்டைச் சடை போட்டது? நல்ல லட்சணம். ஆண்டவர் காப்பாராக. விளையாட்டுக் கோட்டாவா? என்ன விளையாட்டு?

ஹாக்கியா!

நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் யாரையும் குறை சொல்லுகிறவள் இல்லை. எங்க சபையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க, ஞானப்பூ வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்ததுண்டா என்று. பெற்ற பிள்ளைகளைக்கூட நான் அதட்டி வளர்த்ததில்லை. மூத்தவன் கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறான், நடுவுள்ளவளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, கடைக்குட்டி எப்சிபா மட்டும் இங்கே படிக்கிறாள். மூன்றும் நான் முழங்காலில் நின்று ஜெபித்து வளர்த்த பிள்ளைகள். ஆனால் நீங்களும் ஒரு தாய். தெரிந்தே ஒரு பிள்ளையைக் கிணற்றில் விழ விட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போய் எப்படி ஜெபம் பண்ணுவேன்? அதனால் சொல்கிறேன். அந்த வேலுத்தாய் கையில் மட்டும் உங்க பிள்ளையைக் கொடுத்துவிடாதீங்க.

வேலுத்தாய் யாரா? இந்தக் காலேஜ் ஹாக்கி டீமுக்குக் கோச். இப்போது அந்தக் கதவுக்கு உள்ளேதான் நிற்கிறாள். பிரின்சிபால் அம்மா ஒரு பக்கம், தாளாளர் ஐயா ஒரு பக்கம், நடுவில் இவள். விசாரணை. நான் சொன்ன புகாரின்மேல்தான் விசாரணை. அவள் வெளியே வந்ததும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் உள்ளே போய்ச் சொல்வதைப் பொறுத்து இன்றைக்கே அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், இல்லையென்றால் வைத்துக்கொள்வார்கள். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாரே, ஆபீஸ் அண்ணாச்சி, அவர்தான் சொன்னார். "யக்கா, அந்தம்மா வேலை இப்ப உங்க வாயிலதான் இருக்கு" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆண்டவர் எவ்வளவு நீதியுள்ளவர் பாருங்க.

கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறேன். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. உபவாசம். இந்த விசாரணைக்காகத்தான். இதை வெளியே சொல்லக் கூடாது. உபவாசம் என்றால் அந்தரங்கமாக இருக்க வேண்டும். முகம் கழுவி, தலை சீவி, வயிறாரச் சாப்பிட்டவள் மாதிரித் தெரிய வேண்டும். பாருங்க, பவுடர்கூடப் போட்டிருக்கிறேன். உங்களிடம் சொன்னால் பரவாயில்லை. நீங்க யாரோ, நான் யாரோ.

அவள் கதையைக் கேளுங்க. கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. ஆத்தாளும் அப்பனும் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கினவர்கள். ஏழை என்று நான் குறைத்துப் பேசவில்லை, நாங்களும் பனங்காட்டில் கிடந்து வந்தவர்கள்தான். சின்ன வயதிலேயே மட்டையைப் பிடித்துவிட்டாள். தமிழ்நாட்டு டீமில் ஆடினாளாம். இந்தியா டீமுக்கு ஆள் எடுக்கிற இடம்வரைக்கும் போனாளாம். அங்கே பந்து வந்து மூஞ்சியில் அடித்தது, அதோடு சரி. இடது புருவத்தைப் பிளந்துகொண்டு ஒரு தழும்பு ஓடும், வெளியே வரும்போது பாருங்க. ஒரு பெண்பிள்ளை அதை மறைப்பாளா, மாட்டாளா? இவள் மறைக்க மாட்டாள். வருஷா வருஷம் புதுசாகச் சேருகிற பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுவாள்.

"தொட்டுப் பாருங்கட்டி. இது பந்து அடிச்சதுன்னு நினைக்காதிய. பசி அடிச்சது. அன்னைக்குக் காலையில நான் ஒண்ணும் திங்கல. ஒரு பந்து ரெண்டாத் தெரிஞ்சிச்சு. நான் தப்பான பந்தைத் தடுக்கப் போனேன்."

இப்படிச் சொல்லுவாளாம். தன் வீட்டுப் பட்டினியை ஊருக்கெல்லாம் தமுக்கடிக்கிறவளிடம் நம் பிள்ளைகள் என்ன ஒழுக்கத்தைப் படிக்கும், சொல்லுங்க.

அதற்கப்புறம் இந்தக் காலேஜுக்கு வந்தவள்தான், இங்கேயே கிடக்கிறாள். கல்யாணம், குடும்பம் ஒன்றும் இல்லை. இவள் வந்தபோது ஹாக்கி டீமே கிடையாதாம். பின்னால் உடைமுள் காடாகக் கிடந்ததைப் பிள்ளைகளை வைத்து வெட்டி கிரவுண்டு ஆக்கினாளாம். படிக்க அனுப்பின பிள்ளைகளை முள் வெட்ட விட்டிருக்கிறாள்! ஆளுக்கொரு மட்டைகூட இல்லாமல், ஒருத்தி ஆடி முடித்து அடுத்தவளிடம் கொடுப்பாளாம். முதல் ரவுண்டிலேயே தோற்றுத் தோற்றுத் திரும்பி வந்த டீமைப் பல்கலைக்கழக பைனல்வரைக்கும் கொண்டுபோனாள் என்று பெரிதாகப் பேசுகிறார்கள். இவளிடம் ஆடினதுகள் போலீஸ், ரயில்வே என்று நல்ல இடத்தில் இருக்கின்றன. அதுகள் தீபாவளிக்கு இவளுக்குச் சேலை எடுத்து வருகின்றன. பெற்றவளுக்கு எடுத்தார்களோ என்னவோ. மயக்கி வைத்திருக்கிறாள், வேறென்ன.

அவள் செய்கிற ஒரு காரியத்தைச் சொல்கிறேன், நீங்களே முகம் சுளிப்பீங்க. மேட்ச் நாளில் காலையில் டீம் முழுவதையும் ஒரு மெஸ்ஸில் உட்கார வைத்து இட்லி போடச் சொல்லுவாள். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் இலையை எடுக்க விட மாட்டாள். பந்தி முழுக்கக் குனிந்து குனிந்து ஒவ்வொரு எச்சில் இலையாகப் பார்த்துக்கொண்டு வருவாள். "ஏட்டி, இந்தப் பாதி இட்லி யாருக்கு? உங்க ஆச்சிக்கா? எடுத்துத் தின்னு." எச்சில் இலையைப் பார்க்கிறவளுக்குப் பேர் கோச்சா தங்கச்சி? எங்க வீட்டுக் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கிறவர்கள்கூட இப்படிக் குனிந்து பார்க்க மாட்டார்கள்.

எப்சி ஹாக்கி ஆட வந்தவளே இல்லை. பி.காம். படிக்க வந்தவள். மெஸ்ஸில் எவளோ தட்டிவிட்ட டம்ளர் தரையில் விழும்முன் இவள் பேசிக்கொண்டே காலால் தடுத்துவிட்டாளாம். வேலுத்தாய் அதைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், அந்த ஞாயிற்றுக்கிழமையே எங்க வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள், கோல்கீப்பருக்கு உங்க மகளைக் கொடுங்க என்று. ஆராதனை முடிந்து அப்போதுதான் வந்தேன். வீட்டுக்கு வந்தவளை எப்படி வெறுமனே அனுப்புவது, முறுக்கும் காப்பியும் வைத்தேன். தட்டு முறுக்கையும் காலி பண்ணிவிட்டு, "இன்னும் இருக்கா?" என்கிறாள். கூச்சம் என்பதே கிடையாது. தின்றுகொண்டே எப்சி கையைப் பிடித்துப் பார்த்து, "இவளுக்கு தினம் முட்டை கொடுங்கம்மா. எலும்பு நல்லாருக்கு, மேல ஒண்ணுமில்லை" என்றாள். என் வீட்டில், என் முறுக்கைத் தின்றுகொண்டு, என் பிள்ளைக்கு நான் சோறு போடவில்லை என்று சொல்லாமல் சொல்லுகிறாள். அன்றைக்கு விழுந்த கசப்பு. கசப்பு என்றால் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, அன்று ராத்திரியே அவள் பேரைச் சொல்லி ஜெபத்தில் ஒப்புக்கொடுத்துவிட்டேன். அதிலிருந்து தினமும் ஒப்புக்கொடுக்கிறேன்.

முந்தின வருஷம் செமி பைனலில் தோற்றார்கள். கடைசி நேரத்தில் எப்சியைத் தாண்டி ஒரு பந்து போய்விட்டது. பிள்ளை வீட்டுக்கு வந்து மூலையில் கிடந்து அழுதாள். பெற்ற வயிறு பொறுக்குமா? யோசித்துப் பார்த்தேன். இவ்வளவு பயிற்சி பண்ணியும் பந்து போகிறது என்றால் குறை பயிற்சியில் இல்லை, ஜெபத்தில்தான். அதனால் இந்த வருஷம் போட்டி தொடங்கும்முன் நானே ஹாஸ்டலுக்கு வந்து, எப்சியைப் பக்கத்தில் முழங்கால்போட வைத்து, ஒரு பொருத்தனை பண்ணினேன். போட்டி முடிகிறவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் பகலில் ஆகாரம் தொடுவதில்லை. பொழுது சாய்ந்தபிறகுதான் சாப்பாடு.

"அம்மா, வெயில்ல அந்தப் பேடு, நெஞ்சுக் கவசம், ஹெல்மெட்டு எல்லாம் போட்டுக்கிட்டு நிக்கணும்மா. கோச்சுக்குத் தெரிஞ்சா கொன்னே போட்ருவாங்க" என்றாள்.

"தண்ணீர் குடிச்சிக்கோ. அவளுக்கு எதுக்குத் தெரியணும்? இது நமக்கும் ஆண்டவருக்கும் நடுவுல உள்ளது" என்றேன்.

"எலையைப் பாப்பாங்களேம்மா."

அதற்கும் நான்தான் வழி சொல்லிக் கொடுத்தேன். இட்லியைப் பக்கத்துப் பிள்ளை இலையில் தள்ளிவிட்டு, உன் இலையில் கொஞ்சம் சட்னியைத் தடவி மூடிவிடு என்றேன். பொய் இல்லை தங்கச்சி, அது அந்தரங்கம். நான் பவுடர் போட்டிருக்கிறேனே, அந்த மாதிரி.

பலன் கிடைத்ததா என்று கேளுங்க. கிடைத்தது! முதல் ரவுண்டு ஜெயித்தார்கள். அடுத்ததும் ஜெயித்தார்கள். செமி பைனலில் என் பிள்ளை ஒரு பந்துகூட உள்ளே விடவில்லை. அன்றைக்கு ராத்திரி போனில், "அம்மா, கால் நடுங்குதும்மா, நாளைக்கு மட்டும் ஒரு இட்லி திங்கட்டா?" என்று கேட்டாள். கரை தெரிகிற நேரத்தில் துடுப்பை விடுவார்களா? "பிசாசு கடைசி நாள்லதான் சோதிப்பான், பொறுத்துக்கோ" என்று சொல்லி, போனிலேயே ஜெபம் பண்ணித் தூங்க வைத்தேன்.

பைனல் பாளையங்கோட்டையில். நான் காலரியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், கையில் கைக்குட்டை, உதட்டில் ஸ்தோத்திரம். ஆட்டத்துக்கு முன்னால் பழக்கத்துக்குப் பந்து அடித்துக் கொடுப்பார்கள். எப்சி கோல் முன்னால் நிற்கிறாள், பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக அடிக்கிறார்கள். ஒரு பந்து இவள் ஹெல்மெட்டில் பட்டுத் தெறித்தது. அடுத்தது தோளில். அடி பட்டதைப் பார்த்ததும் நான் சத்தமாகவே ஜெபிக்கத் தொடங்கிவிட்டேன். விசிலை வாயிலிருந்து துப்பிவிட்டு வேலுத்தாய் ஓடினாள். எப்சி முன்னால் மண்டிபோட்டு, அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? என் பிள்ளை வாய்க்கு நேரே மூக்கை வைத்து மோந்து பார்த்தாள்! மாட்டைச் சந்தையில் பார்க்கிற மாதிரி. அவ்வளவு சனத்துக்கு முன்னால். என்னவோ கேட்டாள், எப்சி தலையைக் குனிந்துகொண்டாள். என்னவோ கெஞ்சினாள். வேலுத்தாய் எழுந்து நின்று ஒரு நிமிஷம் காலரியைப் பார்த்தாள். நேரே என்னைத்தான் பார்த்தாள், அந்தப் புருவம் துடித்தது எனக்கே தெரிந்தது. அப்புறம் எப்சி கால் பேடை வார் வாராக அவிழ்த்து இன்னொருத்திக்குக் கட்டினாள்.

யாருக்கு? முப்பிடாதிக்கு. முப்பிடாதி யார்? இவள் கூடப்பிறந்த அக்கா மகள். இரண்டாவது கோல்கீப்பர் என்று டீமில் வைத்திருந்தாள், அதுவரைக்கும் ஒரு மேட்ச்சில்கூட இறக்கினது கிடையாது. பைனலில் இறக்குகிறாள். பேப்பர்காரன் போட்டோ எடுக்கிற மேட்ச்சில். இதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அந்தப் பிள்ளை இரண்டு கோலை விட்டது. தோற்றுப்போனார்கள்.

பொருத்தனை பண்ணி, வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி ஆண்டவர் சந்நிதியில் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒருத்தி அக்கா மகளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். எனக்கு எப்படி இருக்கும்? கேட்டில் போய் மறித்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தம் போட்டேன். "ஒங்க அக்கா மவளுக்காக எம் மவளைக் கழட்டிட்டியே, நீ விளங்குவியா?" என்றேன். அது சாபம் இல்லை, கேள்வி. சனமெல்லாம் கூடிவிட்டது. மற்றப் பிள்ளைகளைப் பெற்றவர்களும் வந்து கேட்டார்கள், ஏன் மாற்றினீங்க, காரணம் சொல்லுங்க என்று. அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"ஏம் முடிவு. நான்தான் மாத்தினேன். போங்க, பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்க."

அவ்வளவுதான். ஒரு மன்னிப்பு உண்டா, ஒரு விளக்கம் உண்டா? என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி மொதல்ல கஞ்சி கொடுங்க" என்று மட்டும் சொன்னாள். திமிரைப் பாருங்க. தோற்கடித்துவிட்டுக் கஞ்சி கொடுக்கச் சொல்லுகிறாள்.

மறுநாளே தாளாளர் ஐயாவை நேரில் பார்த்து அழுதேன். அவர் நல்ல மனுஷன். இந்த வருஷம் அவளை நிரந்தரமாக்குவதாக இருந்ததாம், அதை நிறுத்திவைத்து விசாரணை போட்டுவிட்டார். அவளிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள், ஏன் மாற்றினாய் என்று. இரண்டு தடவையும் அதே பதில், "ஏம் முடிவு." இப்போது உள்ளே அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பாள். குற்றம் உள்ள வாய்க்கு வேறென்ன வரும்?

எப்சியா? அவள் என்னோடு சரியாகப் பேசுவதே இல்லை. அதோ, ஜன்னல் வழியாகக் கேட்கிறதா, டொக்கு டொக்கு என்று? கிரவுண்டில் ஆடிக்கொண்டிருக்கிறாள். அம்மா வந்திருக்கிறேன் என்று தெரியும், ஒரு எட்டு வந்து பார்க்கவில்லை. நேற்று மட்டும் போன் பண்ணினாள். சரி, நாளைக்கு நன்றாகச் சொல்லும்மா என்று தைரியம் சொல்லப்போகிறாள் என்று எடுத்தேன். இவள் என்ன சொல்லுகிறாள்?

"அம்மா, நாளைக்கு உள்ள போயி உண்மையைச் சொல்லிரு."

"நான் என்னைக்குடி பொய் சொன்னேன்?"

"நான் அன்னைக்குச் சாப்பிடலைன்னு சொல்லு. நீதான் வேண்டாம்னு சொன்னன்னு சொல்லு. கோச் அதுக்காகத்தான் என்னை எடுத்தாங்க. எனக்கு அப்ப கோல் போஸ்டே ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சதும்மா. அடுத்த பந்து கழுத்துல பட்டிருந்தா?"

"அவ ஏன் அதைச் சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நான்தான் கெஞ்சினேன், எங்கம்மா பேரை இழுத்துராதீங்கன்னு. இழுக்க மாட்டேன்னாங்க. வேலையே போனாலும் சொல்ல மாட்டாங்க, எனக்குத் தெரியும். நீ சொல்லும்மா."

சொல்லிவிட்டு அழுகிறாள். கேட்டீங்களா? என் பிள்ளை வாயிலேயே வார்த்தையைப் போட்டு அனுப்பியிருக்கிறாள். எவ்வளவு சாமர்த்தியம்! நான் எப்படிச் சொல்ல முடியும்? பொருத்தனை என்பது அந்தரங்கம். தாளாளர் முன்னால், பிரின்சிபால் முன்னால், அண்ணாச்சி கதவு இடுக்கில் காதை வைத்துக்கொண்டிருக்க, நாங்கள் உபவாசம் இருந்தோம் என்று கடைபரப்பினால் அதற்குப் பலன் உண்டா? அப்படியே சொன்னாலும் இவர்களுக்குப் புரியுமா? பிள்ளையைப் பட்டினி போட்டேன் என்பார்கள். பட்டினி வேறு, உபவாசம் வேறு தங்கச்சி. பட்டினி என்றால் இல்லாமல் கிடப்பது. உபவாசம் என்றால் இருந்தும் தொடாமல் இருப்பது. வேலுத்தாய் அன்றைக்கு அடிபட்டது பட்டினியால். என் பிள்ளை இருந்தது உபவாசம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறாள், அவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வயிறு ஒன்றுதான் அவளுக்குத் தெரியும்.

அதனால் முடிவு பண்ணிவிட்டேன். கேட்டால், அக்கா மகளுக்காக மாற்றினாள் என்று மட்டும் சொல்லுவேன். சாப்பாட்டைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே? முப்பிடாதி அக்கா மகள்தானே?

கதவு திறக்கிறது. வருகிறாள். இந்தப் பக்கம் பார்க்காதீங்க, நாம் பேசினது தெரியக் கூடாது.

பார்த்தீங்களா? பார்த்தீங்களா அவள் செய்ததை? நேரே கிரவுண்டுக்குப் போகவேண்டியவள், என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாளே. பவுடர் போட்டும் என் உதடு காய்ந்திருந்ததைப் பார்த்தாள் போல. கிட்டே வந்து குனிந்து, என் மூஞ்சிக்கு நேரே மூச்சை இழுத்தாளே! வயதுக்கு மூத்தவளை, அதுவும் தன்மேல் புகார் சொன்னவளை! "யம்மா, எப்ப சாப்பிட்டிய?" என்று கேட்கிறாள். "அது ஒனக்கு எதுக்கு?" என்று நறுக்கென்று கேட்டுவிட்டேன், நீங்களும் கேட்டீங்கதானே. படியிறங்கிப் போய்விட்டாள். போகட்டும். தழும்பைப் பார்த்தீங்களா? நான் சொன்னேன் இல்லையா, மறைக்க மாட்டாள் என்று.

இது என்ன, திரும்பி வருகிறாள். கையில் டம்ளர் வேறு.

நீங்களே சாட்சி. டீயைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு என்ன சொன்னாள்? "குடிச்சிட்டு உள்ள போங்கம்மா. நீங்க மயங்கி விழுந்தா, நான்தான் தள்ளிவிட்டேன்னு அதுக்கொரு விசாரணை வப்பாவ." சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். வேலை போகப்போகிறவளுக்குச் சிரிப்பைப் பாருங்க. எப்சியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, எனக்காக நல்லபடியாகச் சொல்லுங்க என்று கெஞ்சவில்லை, டீயை வைத்துவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். என் உபவாசத்தைக் கலைக்க வந்த சோதனை இது. எனக்குத் தெரியாதா? அந்தப் பக்கம் தள்ளி வையுங்க. வேண்டுமானால் நீங்க குடிங்க. நன்றாக ஏலக்காய் வாசம் வருகிறது. தள்ளி வையுங்க என்றேன்.

என்னையா அண்ணாச்சி? வருகிறேன், இதோ வருகிறேன்.

பையைப் பார்த்துக்கொள்ளுங்க தங்கச்சி. என் ஜெபத்தில் உங்களையும் நினைத்துக்கொள்வேன்.

எந்தக் கதவு அண்ணாச்சி? இதுவா, அதுவா? என்ன சிரிக்கிறீங்க, இரண்டு கதவு இருக்கிறதே, எதற்குள் போக என்று கேட்டால் ஒரு பதில் சொல்லக் கூடாதா? தங்கச்சி, நாம் வந்தபோதும் இங்கே இரண்டு கதவா இருந்தது?

ஒன்றுதானா?

கையைப் பிடிங்க. கொஞ்சம் உட்காருகிறேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. அண்ணாச்சி, ஐயாவிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லுங்க.

ஹெல்மெட்டுக்குள்ளே எப்சி கண் எப்படி இருந்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. காலரி தூரம். அந்தக் கம்பித் தடுப்பு வேறு. வெயிலில் அவ்வளவையும் மாட்டிக்கொண்டு, எதிரே ஒருத்தி மட்டையை ஓங்குகிறாள், வருவது இரண்டு பந்து...

அந்த டம்ளரை இப்படிக் கொடுங்க.

ஒரு மடக்குதான். தொண்டையை நனைக்க. சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருக்கிறாள், இது டீயா, பாயசமா? ஆறியும் போய்விட்டது. ஒரு டீ வாங்கக்கூடத் தெரியவில்லை, இவளெல்லாம் ஒரு கோச். இருங்க, அடியில் இருக்கிற சர்க்கரையையும் குடித்துவிடுகிறேன். வீணாக்கக் கூடாது.

உபவாசம் கலைந்தது. நான் கலைக்கவில்லை, அவள் கலைத்தாள். அதற்கு அவள் கணக்குக் கொடுக்கட்டும். ஆனால் ஒன்று தங்கச்சி, கலைந்துபோன உபவாசத்தில் அந்தரங்கம் என்று இனி என்ன இருக்கிறது? யார் கேட்டாலும் சொல்லவேண்டியதுதான். எப்சி அன்றைக்குச் சாப்பிடவில்லை, நான்தான் வேண்டாம் என்றேன், சட்னியைத் தடவச் சொன்னதும் நான்தான். சொல்லிப்போடுகிறேன். இவளுக்காகச் சொல்லவில்லை. இவள் இங்கே இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான் எனக்கு. எம் பிள்ளை போனில் அழுதாள், அதுக்காகச் சொல்லுகிறேன். அக்கா மகளை இறக்கினதை நான் மறந்துவிட்டேன் என்று மட்டும் அவள் நினைக்க வேண்டாம். அதைத் தனியாக ஜெபத்தில் வைத்திருக்கிறேன்.

அதோ உங்க மகள் வருகிறாள். ஆமாம், நல்ல உயரம். காலையில் என்ன கொடுத்தீங்க பிள்ளைக்கு? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அப்படியே கூட்டி வந்தீங்களா? என்ன தாய் நீங்க! கேன்டீன் அந்தப் படிக்குக் கீழேதான். முதலில் கூட்டிக்கொண்டு போய் இரண்டு இட்லி வாங்கிக் கொடுங்க, அப்புறம் கிரவுண்டுக்குப் போகலாம். வெறும் வயிற்றோடு அவள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தாதீங்க. மோந்தே கண்டுபிடித்துவிடுவாள், மூதேவி.

வருகிறேன் அண்ணாச்சி, வருகிறேன். நீங்க பிடிக்க வேண்டாம். கதவு தெரிகிறது.